காலாவதியான நாளில் அமலுக்கு வந்த வாக்குறுதி!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒருவர் உங்களிடம் சரக்கைக் கடனுக்கு எடுக்கிறார். புரோநோட் எழுதித் தருகிறார். முதல் தவணை முடிவதற்கு முன்பே அடுத்த தவணையைப் பேசி முடிப்பேன் என்றும் எழுதுகிறார். ஆனால் அவர் எழுதிய இரண்டாவது நோட்டு, அந்தத் தவணையின் கடைசி நாளில் தான் செல்லுபடியாகிறது! அவருக்கு மறுபடியும் சரக்குக் கொடுப்பீர்களா?

நான் சொல்வது ஏதோ ஒரு கடைத்தெருவில் நடந்த கதை அல்ல. உலகின் பணக்கார நாடுகள் நடத்திய கதை.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரிக்கும் போது வெளியாகும் கரியமில வாயு, பூமியைச் சூடாக்குகிறது. அதில் ஒரு பகுதி பல நூறு ஆண்டுகள் வானிலேயே தங்கி விடுகிறது. ஆகவே இன்று விடும் புகையை மட்டும் பார்த்தால் போதாது. பழைய பாக்கியையும் பார்க்க வேண்டும். இதுவரை இப்படி எரித்து வெளியான வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்கா ஒன்றே விட்டது.

இதனால் தான் 1992ல் ரியோ மாநாட்டில், வளர்ந்த நாடுகளே முதலில் முன்வர வேண்டும் என்று முடிவானது. 1997 டிசம்பரில் கியோட்டோவில் அதற்குக் கணக்கும் எழுதப்பட்டது. 2008 முதல் 2012 வரையிலான ஐந்து ஆண்டுகளில், 1990ல் இருந்த அளவை விட மொத்தத்தில் சுமார் 5 சதவிகிதம் குறைக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளுக்கு 8, அமெரிக்காவுக்கு 7, ஜப்பானுக்கு 6 என்று பங்கு பிரித்தார்கள்.

அதே ஒப்பந்தத்தின் 3வது பிரிவு, 9வது பத்தி என்ன சொல்கிறது தெரியுமா? முதல் தவணை முடிவதற்குக் குறைந்தது ஏழு ஆண்டுகளுக்கு முன்பே அடுத்த தவணைக்கான பேச்சைத் தொடங்கியாக வேண்டும். அதன்படி 2005ல் மாண்ட்ரியலில் ஒரு குழு அமைத்தார்கள்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள்!

அமெரிக்கா 1998ல் கையெழுத்துப் போட்டது. ஆனால் ஒப்புதல் தரவே இல்லை. 2001ல் முடியாது என்று கைவிரித்தது. கனடா 2011ல் விலகல் கடிதம் கொடுத்தது. ஜப்பானும் ரஷ்யாவும் இரண்டாம் தவணைக்கு எந்தத் தொகையையும் ஏற்கவில்லை. ஏழாண்டு இழுபறிக்குப் பின் 2012 டிசம்பரில் தோஹாவில் முடிவு எழுதினார்கள். 2013 முதல் 2020 வரை, 1990ஐ விட 18 சதவிகிதம் குறைப்பு! அது அமலுக்கு வர 144 நாடுகளின் ஒப்புதல் தேவை. அந்த எண்ணிக்கை கூடி அது சட்டமான நாள் எது? 2020 டிசம்பர் 31! தவணை முடிந்த அதே நாள்!

எல்லோரையும் ஒரே தராசில் போடுவது நீதியல்ல. ஐரோப்பிய நாடுகள் அது சட்டமாகும் வரை காத்திராமல் குறைத்தன. அதைச் சொல்லத் தான் வேண்டும். அதே போல் கத்தார், அமீரகம் போன்ற எண்ணெய் வள நாடுகள், தலைக்குக் கணக்கிட்டால் உலகிலேயே அதிகம் புகை விடும் நாடுகளின் வரிசையில் இருக்கின்றன. வளர்ந்த நாடுகளின் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் பொறுப்பு இல்லை என்றாகி விடாது. நம்மவர்கள் பிழைக்கப் போன நாடு என்பதற்காக நாம் நிறுவையை மாற்றக் கூடாது.

இந்தக் கடனுக்கு வட்டி கட்டுவது யார்? 2009 அக்டோபரில் மாலத்தீவின் அமைச்சரவை கடலுக்கு அடியில் கூடி, எங்கள் தீவுகள் மூழ்குமுன் புகையைக் குறையுங்கள் என்று கையெழுத்திட்டது. 2022 வெள்ளத்தில் பாகிஸ்தானில் 1,700 பேருக்கு மேல் மாண்டார்கள். 3 கோடியே 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். உலகப் புகையில் அந்த நாட்டின் பங்கு ஒரு சதவிகிதம் கூட இல்லை!

2015ல் பாரிஸில் முறையையே மாற்றி விட்டார்கள். ஒவ்வொரு நாடும் தன் தொகையைத் தானே எழுதிக் கொள்ளலாம். எழுதிய அளவை எட்டாவிட்டால் தண்டனை இல்லை. அதிலிருந்தும் அமெரிக்கா 2020ல் வெளியேறி, 2021ல் திரும்பி, 2025 ஜனவரியில் மீண்டும் விலகுவதாக அறிவித்தது.

எனவே சகோதரர்களே! இனி எந்த நாடு எத்தனை சதவிகிதம் குறைப்போம் என்று அறிவித்தாலும் கை தட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஆண்டின் அளவிலிருந்து கழிக்கிறீர்கள்? எந்த ஆண்டுக்குள் முடிப்பீர்கள்? தவறினால் என்ன ஆகும்? 2009ல் அமெரிக்கா 17 சதவிகிதம் என்றது. அது 2005ஐ வைத்துப் போட்ட கணக்கு. 1990ஐ வைத்துப் பார்த்தால் 4 சதவிகிதம் அளவு தான்! விலையை ஏற்றி ஒட்டி விட்டுத் தள்ளுபடி கொடுக்கும் தந்திரம் உங்களுக்குத் தெரியாததா?

நம்பிக்கை இழக்கவும் வேண்டியதில்லை. பசிபிக் கடலின் சிறு தீவு நாடான வனுவாட்டு முன்னின்று நடத்திய முயற்சியால் இந்த விவகாரம் சர்வதேச நீதிமன்றத்திற்குச் சென்றது. 2025 ஜூலையில் அது தன் கருத்தைச் சொன்னது. கியோட்டோ ஒப்பந்தம் இன்னும் செத்து விடவில்லை. ஒப்புக் கொண்ட அளவைக் குறைக்கத் தவறுவது சர்வதேசச் சட்டத்தை மீறிய குற்றமாகலாம் என்றது. அந்தக் கருத்து யாரையும் உடனே கட்டாயப்படுத்தாது. ஆனால் பாக்கி தள்ளுபடியாகவில்லை என்பதைப் பதிவு செய்திருக்கிறது.

பாக்கி இருக்கும் வரை கேட்பவனும் இருக்க வேண்டும். வனுவாட்டு கேட்டது. நாமும் கேட்போம்!