அந்தஸ்தும் இளம்பிராயத்தின் முதற் புகையும்



இளம்பிராயத்தினரிடையே காணும் புகைப்பழக்கத்தையும் மதுப்பழக்கத்தையும் சமூக அந்தஸ்தோடு சேர்த்து ஆராய முற்படும் இக்கருத்தரங்கை நகரத்தின் சொகுசு மண்டபம் ஒன்றிலே கூட்டாமல், தொடர்மாடிகளும் கெத்தாராமை விளையாட்டரங்கின் விளக்குக் கம்பங்களும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் மாளிகாவத்தையிலே கூட்டியமைக்காக அமைப்பாளர்களைப் பாராட்டுகிறேன். ஆயினும், மாளிகாவத்தை என்ற பெயரைக் கேட்டவுடனே கொழும்பின் பிற பகுதிகளில் வாழ்வோர் மனத்தில் எழும் சித்திரம் எத்தகையது என்பதை நீங்கள் அறிவீர்கள். வறுமை உள்ள இடத்திற் போதையும் உண்டு என்னும் அந்தச் சுலபமான அபிப்பிராயத்தை உறுதிப்படுத்திக்கொண்டு போவதற்காக நாம் வந்திருப்போமாயின், இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டியதில்லை.

மதுவுக்கும் அந்தஸ்துக்கும் உள்ள உறவு இந்நாட்டில் வேறொரு வாசல் வழியாக நுழைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரித்தானிய அரசு சாராய விற்பனை உரிமையை ஏலத்தில் விட்டபோது, அதனைக் குத்தகைக்கு எடுத்த குடும்பங்கள் அந்த வருமானத்தைக் காணியாகவும் தோட்டமாகவும் ஆங்கிலக் கல்வியாகவும் மாற்றி, ஓரிரு தலைமுறைக்குள் பிரமுகர் குடும்பங்களாயின என்பதை, ஜெரோனிஸ் டி சொய்சா முதலானோரின் வரலாற்றைக் கொண்டு, குமாரி ஜயவர்த்தன 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிலே விரிவாகக் காட்டியிருக்கிறார். பின்னர் 1912-ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தை எதிர்த்துத் தவறணைகளுக்கு எதிராக மதுவிலக்கு இயக்கம் எழுந்தபோது, அதன் மேடைகளிலும் அத்தகைய குடும்பத்தவர் சிலர் வீற்றிருந்தனர். விற்றவனும் உயர்ந்தான், விற்கலாகாதென்றவனும் உயர்ந்தான், குடித்தவன் ஒருவனே தாழ்ந்தான். இன்றைக்கும் மார்ச் மாதத்துப் பெரும் பாடசாலைக் கிரிக்கெட் போட்டிகளின் கூடாரங்களிலே பியர்ப் போத்தலோடு ஆடும் பிள்ளையின் செயல் வாலிபக் குறும்பு எனப்படுகிறது. அதே வயதுப் பிள்ளை தொடர்மாடிப் படிக்கட்டிலே அதனைச் செய்தால் பொலிசுக்குச் சொல்லப்படுகிறது. நம்முடைய புள்ளிவிவரங்களுக்குள்ளும் இந்தப் பாரபட்சம் புகுந்திருக்கக்கூடும் என்று நான் சந்தேகிக்கிறேன்.

என் வாதம் இதுதான்: பதினான்கு வயதுப் பிள்ளை ஒருவன் முதன்முதலிற் சிகரெட்டை வாயில் வைக்கும்போது, அவன் கருதும் அந்தஸ்து வாப்பாவின் சம்பளத்தால் அளக்கப்படும் அந்தஸ்து அன்று, ஒழுங்கையின் முகப்பிலே நிற்கும் மூத்த நானாமாரின் கண்ணிலே தான் எத்தனையாவது ஆள் என்ற கணக்கே அது. ஸ்கொத்லாந்துப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து லின் மிச்செல், அமண்டா ஏமஸ் என்னும் இருவர் 1997-இல் வெளியிட்ட கட்டுரையை இங்கு நினைவூட்டுவது தகும். சிறுமியருக்குள்ளே தாழ்ந்த நிலையில் இருந்தோர் மட்டுமன்றி, எல்லோராலும் வியந்து பார்க்கப்பட்ட உச்சியிலிருந்தோரும் புகைத்தனர். ஒருத்தி ஏறுவதற்கும் மற்றொருத்தி விழாமலிருப்பதற்கும் அதே சிகரெட் பயன்பட்டது. உயர்நிலைச் சிறுவர்களோ விளையாட்டிலேயே தம் மதிப்பைப் பெற்றமையால் அதன் தேவை அவர்களுக்கு அவ்வளவாக இருக்கவில்லை.

அம்முடிவை அப்படியே பெயர்த்து நம் மண்ணில் நடவியலாது. 2015-ஆம் ஆண்டின் உலக இளையோர் புகையிலை ஆய்விலே, இலங்கையில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவருள் ஏதேனும் ஒரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்துவோர் ஆண்களில் நூற்றுக்கு 6.7, பெண்களில் 0.7 எனக் கணக்கிடப்பட்டது. ஸ்கொத்லாந்துச் சிறுமியை உயர்த்திய சிகரெட் நம் சிறுமியைத் தாழ்த்திவிடும். பெண்கள் மது வாங்குவதற்கு 1979 முதல் இருந்துவந்த தடையை 2018 ஜனவரியில் நீக்கியபோது, சில நாட்களுக்குள்ளேயே அந்நீக்கம் மீளப்பெறப்பட்டதை நினைத்துப் பாருங்கள். இவ்விஷயத்திற் பெண்ணுக்கு மரியாதையே காவலாகவும் விலங்காகவும் அமைந்துவிட்டது. எனக்கு இந்த ஏற்பாடு உவப்பானதன்று. ஆயினும் ஆராய்ச்சியாளன் அதனைக் காணாதவன்போல் இருத்தல் கூடாது.

இப்பகுதிக்கே உரிய மற்றொரு விஷயமும் உண்டு. மது ஹராம் என்பதில் ஐயமேயில்லாத சமூகத்திலே குடிப்பவனுடைய மானம் உடனே போய்விடுகிறது. சிகரெட்டுக்கோ அத்தனை கடுமையான விலை இல்லை. பெரியவர் கடையோரத்தில் நின்று பகிரங்கமாகப் பத்துகிறார். பையன் அவரைக் கண்டதும் கையைப் பின்னால் மறைக்கிறான். நாம் அதனை மரியாதை என்று மெச்சுகிறோம். அவனோ, மறைக்காமல் நிற்கும் நாள் வருவதைத்தான் ஆண்மையின் பட்டம் என்று எண்ணிக் காத்திருக்கிறான். 21 வயது நிறையாதோருக்குப் புகையிலையும் மதுவும் விற்பதை 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம் தடுத்திருக்கிறது, நல்ல சட்டம். ஆனால் சிகரெட்டை ஒவ்வொன்றாக விற்கும் வழக்கம் இருக்கும்வரை ஒரு நாளைய மதிப்பைச் சில்லறைக் காசுக்கு வாங்கலாம் என்பதையும், விலக்கப்பட்டது என்பதாலேயே அதன் கௌரவம் கூடுகிறது என்பதையும் நாம் மறைத்துப் பயனில்லை.

ஆகவே, கட்டுரை படிக்கவிருக்கும் அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். வினாக்கொத்திலே தகப்பனாரின் தொழில் என்னும் கட்டத்தை நிரப்பியதும் அந்தஸ்தை அளந்துவிட்டதாகக் கொள்ளாதீர்கள். எலிசபெத் குட்மனும் அவருடைய குழுவினரும் 2001-இல் செய்ததுபோல, பத்துப் படிகளையுடைய ஏணி ஒன்றை வரைந்து, உன் பாடசாலையிலே நீ எந்தப் படியில் நிற்கிறாய் என்று பிள்ளையையே கேளுங்கள்; இங்கே அதனோடு, உன் ஒழுங்கையிலே எந்தப் படி என்று இரண்டாவது ஏணியையும் வரையுங்கள். பாடசாலை ஏணியிற் கீழே நிற்கும் பிள்ளை ஒழுங்கை ஏணியில் எங்கே நிற்கிறான், அவன் கையில் சிகரெட் எந்த ஏணிக்காக வந்தது என்பதே இன்றைய முதல் அமர்வுக்கு நான் முன்வைக்கும் வினா. அவ்வமர்வைத் தொடங்கிவைக்குமாறு முதற் கட்டுரையாளரை அழைக்கிறேன்.