தோற்கும் குழுவுக்கு ஏன் கைதட்டுகிறோம்?



இரயிலே ஓடாத தீவில், மெட்ரிக் வகுப்போடு படிப்பை நிறுத்திய இரயில்வே எழுத்தராகிய நம்மைத் திரைப்படம் பற்றிப் பேசப் பணித்த செயற்குழுவினரின் துணிவைப் பாராட்டுகிறோம்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி இங்கு வந்து சேர்ந்தபின், படங்கள் வீட்டுக்குள்ளேயே ஓடுகின்றன. நம் பிள்ளைகளோ ஒருவகைக் கதையையே திரும்பத் திரும்பப் பார்க்கின்றனர். யாரும் ஒரு பொருட்டாக மதியாத பையன்கள் குழுவாகச் சேர்கிறார்கள், தோற்கிறார்கள், ஊர் நகைக்கிறது, மறுபடியும் களத்தில் இறங்குகிறார்கள். முடிவு தெரிந்த கதைதான். இருந்தும் அது புளித்துப் போகாதது ஏன்?

வெங்கட் பிரபு இயக்கி 2007-இல் வந்த ‘சென்னை 600028’ படத்தை எடுத்துக்கொள்வோம். படத்தின் பெயரே ஓர் அஞ்சல் எண். நாட்டுக்காக ஆடுபவர் அதில் ஒருவரும் இலர். தெருவில் கிரிக்கெட் ஆடும் வாலிபர்களே உள்ளனர். பள்ளிச் சிறுவர்களிடங்கூடத் தோற்று விழிக்கிறார்கள். அதைக் கண்டு நாம் வயிறு குலுங்கச் சிரிக்கிறோமே, அது ஏளனச் சிரிப்பன்று. நம் தெருவும் கதைக்குரியதுதான் என்று கண்டுகொண்ட மகிழ்ச்சி அது.

2009-இல் சுசீந்திரன் இயக்கிய ‘வெண்ணிலா கபடிக்குழு’ இன்னும் ஒருபடி மேல். அதில் சூரி பரோட்டா தின்னும் காட்சியை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. 50 பரோட்டா தின்றால் பணம் வேண்டாம் என்பது கடைக்காரரின் பந்தயம். சூரி தின்றுகொண்டே போக, கடைக்காரர் கணக்கில் குழப்பம் செய்கிறார். அவரோ சண்டைக்குப் போகவில்லை. போட்ட கோடுகளையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தின்கிறேன் என்கிறார்! நாளெல்லாம் பேரேட்டில் கூட்டிக் கழிக்கும் தொழிலில் உள்ள நமக்கு இக்காட்சி தனி இன்பம். எளியவனின் கணக்கை வலியவன் திருத்தி எழுதுவது உலக வழக்கம். அவன் சோர்ந்து எழுந்து போவான் என்று எதிர்பார்த்தவன் ஏமாந்து நிற்பதே அங்கு நகைச்சுவை. அதே படம், கதைத்தலைவன் மாரிமுத்துவின் சாவோடு முடிகிறது என்பதையும் மறத்தலாகாது. சிரித்த கண் கலங்குகிறது.

அமெரிக்காவிலும் 1976-இல் ‘பேட் நியூஸ் பேர்ஸ்’ என்றொரு படம் வந்தது. திறமையற்ற சிறுவர்களுக்கும் பேஸ்பால் ஆட இடம் வேண்டும் என்று வழக்குத் தொடர்ந்ததன் பயனாக ஒரு குழு உண்டாகிறது. நீச்சல் குளம் கழுவும் குடிகாரர் ஒருவர் அதன் பயிற்சியாளர். இறுதி ஆட்டத்தில் அக்குழு தோற்றேபோகிறது. ஆயினும் மக்கள் அப்படத்தைக் கொண்டாடினர். ஆகவே, வெற்றிக்காகவே இத்தகைய படங்களைப் பார்க்கிறோம் என்பது பொருந்தாது. கடைசிப் பந்தில் கிட்டும் வெற்றியே இவற்றில் நலிந்த பகுதி என்பது நம் துணிபு.

குழுவில் இடம் கிடைப்பதே பெரும் போராட்டம் என்பதை 2024-இல் தமிழரசன் பச்சமுத்து இயக்கிய ‘லப்பர் பந்து’ தெளிவாகக் காட்டிற்று. நன்றாகப் பந்து வீசும் அன்புவுக்குச் சாதியின் பெயரால் உள்ளூர்க் குழுவில் இடமில்லை. இதை நாம் இங்கே சிரித்துக் கடந்துவிடலாமா? சாதியை வங்கக் கடலில் எறிந்துவிட்டு வந்தோம் என்று மேடையில் முழங்குகிறோம். திருமணப் பேச்சு எழுந்தால் அது அடுத்த கப்பலிலேயே வந்து இறங்கிவிடுகிறது. மாலையில் இங்கு பந்தாடும் பிள்ளைகளைப் பாருங்கள். தமிழன், வங்காளி, தெலுங்கன், ராஞ்சிக்காரன் என எல்லோரும் ஒரே குழு. அவர்களுக்கு நாம் கற்பிக்கவேண்டியது ஒன்றுமில்லை. கெடுக்காமல் இருந்தால் போதும்.

‘விளையாட்டுச் சோறு போடுமா?’ என்று தாய்மார்கள் கேட்கலாம். சிலருக்குப் போடும். மகேந்திர சிங் தோனி 2001-இல் கரக்பூரில் பயணச்சீட்டுப் பரிசோதகராகச் சேர்ந்தவர்தாமே! நம் தீவுகளிலும் சான்று உண்டு. 2004 ஆழிப்பேரலையில் உயிர் தப்பிய நிக்கோபார்ச் சிறுமி டெபோரா ஹெரால்ட், மிதிவண்டி ஓட்டத்தில் நாடறிந்த வீராங்கனையானார். ஈசோ ஆல்பென் 2018-இல் சுவிட்சர்லாந்தில் உலக இளையோர் போட்டியில் வெள்ளி வென்றார். ஆனால் பலருக்கு விளையாட்டுச் சோறு போடாது. இதை மறைத்து உங்கள் கைதட்டலைப் பெற நாம் விரும்பவில்லை.

அந்தப் பலரைப் பற்றித்தான் நம் கவலையெல்லாம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில், சில வீடுகள் துக்க வீடுபோல் கதவடைத்துக் கிடப்பதைக் கண்டிருக்கிறோம். தவறிய பிள்ளையை உறவினர் கண்ணில் படாமல் பின்கட்டில் உட்கார வைப்பதும் உண்டு. திரையில் தோற்கும் பையனுக்குக் கைதட்டும் அதே தந்தை, வீட்டில் தோற்ற பையனோடு ஒரு வாரம் பேசுவதில்லை. அப்பிள்ளை அவ்விரவில் இப்படங்களில் ஒன்றைப் போட்டுப் பார்க்கிறான் என்றால், அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். கூடவே உட்கார்ந்து பாருங்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். மேற்சொன்ன தமிழ்ப் படங்களில் பெண்கள் பெரும்பாலும் வேடிக்கை பார்ப்பவர்களே. நம் திடலிலும் அவ்வாறே. இக்குறையைப் படம் எடுப்போர் தீர்க்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆகையால் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். இன்றைய பரிசளிப்பில் தோற்ற குழுவையும் மேடைக்கு அழையுங்கள். வரும் ஞாயிறு மாலை 4 மணிக்குத் தந்தையர் குழுவுக்கும் பிள்ளைகள் குழுவுக்கும் ஆட்டம் ஒன்று வைப்போம். பிள்ளைகள் குழுவில் பெண்களும் உண்டு. தந்தையர் குழுவில் முதற்பெயராக நம் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பந்து வாங்கும் செலவும் நம்முடையதே.