ஒரு பைசாப் பத்திரிகையைக் காத்தவர்கள்

(தாம்பரத்தில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே இரண்டு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஒன்று, 1928-இல் டாக்டர் சவுரிமுத்து ஆரம்பித்த காசநோய் ஆஸ்பத்திரி. அந்த இடத்துக்குச் சானடோரியம் என்று பெயர் வந்ததே அதனால்தான். இன்னொன்று, 2005-இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம். அதன் ஆஸ்பத்திரிக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயரை வைத்திருக்கிறார்கள். மூட்டு வலி, முதுகு வலி என்று நம்மில் எத்தனையோ பேர் அங்கே சீட்டு வாங்கி வரிசையில் நின்றிருக்கிறோம். போர்டில் இருக்கும் பெயர் யாருடையது என்று நின்ற நேரத்தில் விசாரித்தோமா? இல்லை. யாரோ பழைய வைத்தியர் என்று நினைத்துக் கொண்டு மருந்தை வாங்கிக்கொண்டு வந்து விட்டோம்.

வைத்தியர் என்பது சரிதான். ராயப்பேட்டையில் சித்த வைத்தியம் பார்த்தவர்தான் அவர். ஆனால் அதோடு பத்திரிகை ஆசிரியரும்கூட. அவர் வீடே பத்திரிகைக்காரர் வீடு. அந்த வீட்டைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

தாத்தாவிலிருந்து ஆரம்பிப்போம். கந்தப்பன் என்பது அவர் பெயர். ஹாரிங்டன் என்ற வெள்ளைக்காரத் துரையிடம் பட்லர் வேலை. அவர் வீட்டில் திருக்குறள் ஓலைச்சுவடி இருந்தது. அதை அவர் துரை மூலமாக எல்லிஸ் என்ற அதிகாரியிடம் சேர்த்தார் என்று பேரனான பண்டிதர் தம் பத்திரிகையிலே எழுதி வைத்திருக்கிறார். திருக்குறள் முதன்முதலில் அச்சேறியது 1812-இல். பட்லர் வீட்டில் திருக்குறள் ஏது என்று மூக்கில் விரல் வைக்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: சேரியில் வைத்தியம் இருந்தது, சோதிடம் இருந்தது, இலக்கணம் இருந்தது. ஓலை இல்லாமல் இவையெல்லாம் எப்படி இருந்திருக்கும்?

பேரன் 1845-இல் பிறந்தார். பெற்றவர்கள் இட்ட பெயர் காத்தவராயன். தமிழ் சொல்லிக் கொடுத்த ஆசிரியரின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டு அயோத்திதாசர் ஆனார். 1891 டிசம்பர் 1-ஆம் தேதி நீலகிரியில் மகாஜன சபைக் கூட்டம் நடத்திப் பத்துக் கோரிக்கைகளை நிறைவேற்றினார். கல்வி வேண்டும், பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். காங்கிரசுக்கும் அனுப்பினார்கள். பலன் ஒன்றும் இல்லை.

அதே 1891-இல் நம் செங்கல்பட்டு ஜில்லாவில் வேறொரு காரியம் நடந்தது. கலெக்டர் டிரெமன்கீர் சேரி சேரியாய்ப் பண்ணையாட்களின் நிலைமையை விசாரித்து ஒரு ரிப்போர்ட் எழுதினார். அதன்பேரில் 1892-இல் சர்க்கார் உத்தரவு பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் கேட்பதற்கு ஆதாரம் அதுதான். அந்த ரிப்போர்ட் சர்க்கார் தஸ்தாவேஜில் பத்திரமாக இருக்கிறது. கலெக்டர் எழுதியதைக் காப்பாற்ற ஆபீசும் பீரோவும் குமாஸ்தாவும் உண்டு. அதே வருஷம் சேரிக்காரனே கூட்டம் போட்டுப் பேசியதைக் காப்பாற்ற யார் இருந்தார்கள்?

பத்திரிகைதான் இருந்தது. 1907 ஜூன் 19-ஆம் தேதி ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. நாலே பக்கம். விலையும் ஒரு பைசா, அதாவது அன்றைய ரூபாயில் 64-இல் ஒரு பங்கு. வாரம் ஒரு முறை, புதன்கிழமை. மறு வருஷம் வாசகர்கள் கேட்டுக் கொண்டதால் ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கிற்று. கிராமத்தில் நடந்த கொடுமை, முனிசிபாலிடி சங்கதி, வைத்தியக் குறிப்பு, பௌத்த தர்மம், பழஞ்சரித்திரம் எல்லாம் அதில் வந்தன. பண்டிதர் எழுதிய பழஞ்சரித்திரம் அவ்வளவையும் இன்றைய ஆராய்ச்சி ஏற்றுக்கொள்ளாது. நாமும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் தன் காலத்தில் சேரிகளில் நடந்ததாக அவர் எழுதியது சாட்சி. அதற்கு ஈடான சாட்சி நம்மிடம் அதிகம் கிடையாது.

பண்டிதர் 1914 மே 5-ஆம் தேதி காலமானார். மகன் பட்டாபிராமன் சில காலம் பத்திரிகையை நடத்தினார். பிறகு அது நின்று போயிற்று. சாதாரணமாக இங்கே கதை முடிந்திருக்கும். எத்தனை பத்திரிகைகளின் கதை இப்படி முடிந்திருக்கிறது!

முடியவில்லை. காரணம், வாங்கிப் படித்தவர்கள் யார் என்பதில் இருக்கிறது. கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் இறங்கிப் பாறை உடைத்த தமிழ்த் தொழிலாளிகள். பர்மாவுக்கும் இலங்கைக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பிழைக்கப் போனவர்கள். மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளையே இருந்தது. அந்தத் தங்கவயலில் 1926-இல் ஜி. அப்பாதுரையார் ‘தமிழ’னை மறுபடி தொடங்கினார். சாம்பியன் ரீப்பில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதர் எழுத்துக்களைச் சிறு சிறு நூல்களாக அச்சிட்டது. எழுதிய குடும்பத்தால் முடியாமல் போனபோது படித்த தொழிலாளி தோள் கொடுத்தான். இரும்புப் பெட்டியில் துணிமணிக்கு அடியில் வைத்துக் காத்த தாள் அது என்றே நாம் நினைக்கிறோம். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. தங்கம் போய்விட்டது. தாள் நின்றது.

அன்பு பொன்னோவியம் என்பவர் பழைய ‘தமிழன்’ தொகுதிகளைப் பல்லாண்டு பாதுகாத்து வைத்திருந்தார். அவற்றைக் கொண்டு ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ இரண்டு பாகங்கள் 1999-இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் மூலம் வெளிவந்தன. அதற்கு ஆறு வருஷம் கழித்துத்தான் நம் சானடோரியத்தில் போர்டு மாட்டப்பட்டது. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் மணிமண்டபம் திறந்தது 2023 டிசம்பர் 1-ஆம் தேதி. தாள்கள் அழிந்திருந்தால் போர்டு ஏது, மண்டபம் ஏது?

அதே வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனுக்கும் மணிமண்டபம் இருக்கிறது. இவர் செங்கல்பட்டு ஜில்லா கோழியாளத்துக்காரர். பண்டிதருக்கு மைத்துனர், பண்டிதரின் மனைவி தனலட்சுமி இவருடைய சகோதரி. ஒரே குடும்பத்தில் இரண்டு பத்திரிகை ஆசிரியர்கள்! ஆனால் இருவருக்கும் அபிப்பிராயம் ஒன்றல்ல. எந்தப் பெயரைச் சொல்லி நம்மை இழிவு செய்கிறார்களோ அதையே தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும் என்று சீனிவாசன் 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். அந்தப் பெயரே நமக்கு வேண்டாம், நாம் பூர்வத் தமிழர் என்றார் பண்டிதர். சாப்பாட்டு இலையின் முன்னால் உட்கார்ந்தும் இந்த விவாதம் நடந்திருக்கும். யார் சொன்னது சரி என்று இன்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. இரண்டையும் படித்துப் பார்த்தல்லவா சொல்ல வேண்டும்?

படிக்க முடியாது என்பதுதான் துக்கம். ‘பறையன்’ விலை இரண்டணா. சென்னையில் இரண்டே நாளில் சுமார் 400 பிரதிகள் விற்றன என்று சீனிவாசன் 1939-இல் வெளியிட்ட ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் சொல்கிறார். பிறகு வாரப் பத்திரிகையாகி, ஏழு வருஷம் நடந்து, 1900-இல் நின்றது. அவர் தென்னாப்பிரிக்கா போய் 1921-இல் திரும்பினார். சட்டசபையில் அமர்ந்து, பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் என்று 1924-இல் தீர்மானம் கொண்டுவந்தார். வட்டமேஜை மாநாட்டுக்கு அம்பேத்கருடன் போனார். ஆனால் அந்த ஏழு வருஷப் பத்திரிகைக்குக் கோலார் கிடைக்கவில்லை. வெள்ளைக்கார சர்க்கார் சுதேசிப் பத்திரிகைகளை வேவு பார்த்து இங்கிலீஷில் எடுத்து வைத்த குறிப்புகளில் அதன் துணுக்குகள் கிடைக்கின்றன. நம்மவன் நம் மொழியில் எழுதியதை, வேவு பார்த்தவன் மொழியில் துண்டு துண்டாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் கோலாரிலிருந்து வந்து பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் குடியேறிய குடும்பத்தார் இருக்கலாம். மதுராந்தகம் பக்கத்து ஊர்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் இருக்கலாம். உங்கள் பாட்டன் பெட்டியில் மஞ்சளாகிப் போன தாள் ஏதாவது கிடந்தால், பத்திரிகையோ சங்க நோட்டீசோ கூலிச் சீட்டோ எதுவானாலும், பழைய பேப்பர்காரனுக்கு எடை போடுவதற்கு முன்னால் நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்போம். பெயரையும் ஊரையும் எழுதிக் கொடுத்தால் போதும், நாங்களே வந்து பார்க்கிறோம்.