நான்காவது நிபந்தனை

1926இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு சிறு நாடகக் குழுவுக்கு வழிகாட்டியாக நின்ற டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ், கறுப்பின நாடகத்துக்கு நான்கு நிபந்தனைகள் விதித்தார். அது கறுப்பின மக்களின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். அவர்களே எழுத வேண்டும். அவர்களுக்காக நடிக்க வேண்டும். அரங்கு அவர்கள் குடியிருக்கும் பகுதியிலேயே இருக்க வேண்டும். முதல் மூன்றும் மேடைக்கு மேடை பேசப்படுகின்றன. நான்காவதைத் தொட்டால் பேச்சு வாடகை, கடன், கிரயப் பத்திரம் என்று இறங்கிவிடுகிறது. இந்தப் பொழிவு அதைப் பற்றியதுதான்.

டூ பாய்ஸின் குழுவுக்குக் கிடைத்தது 135ஆம் தெருப் பொது நூலகத்தின் அடித்தளம். குழு நீடிக்கவில்லை. 1940இல் ஏப்ரம் ஹில்லும் ஃபிரெடரிக் ஓ'நீலும் தொடங்கிய அமெரிக்கன் நீக்ரோ தியேட்டரும் அதே அடித்தளத்தில்தான் குடிபுகுந்தது. லாபமோ நஷ்டமோ எல்லோருக்கும் பங்கு என்ற கூட்டுறவு முறை; நட்சத்திரம் என்று தனியாக யாரும் கிடையாது.

பஹாமாஸிலிருந்து வந்து, ஓட்டல்களில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சிட்னி பாய்ட்டியர் அங்கே நடிப்புத் தேர்வுக்குப் போனார். உச்சரிப்பும் சரியில்லை, வாசிக்கவும் தடுமாறுகிறார் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு ரேடியோ வாங்கி, அறிவிப்பாளர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்லிப் பழகினார். பிறகு மறுபடியும் வந்து, கூட்டிப் பெருக்குகிறேன், பதிலுக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள் என்று பேரம் பேசி உள்ளே நுழைந்தார். ஹாரி பெலஃபான்டேயும் கட்டடப் பராமரிப்பு வேலையில் இருந்தவர்தான். வேலைக்கு அன்பளிப்பாகக் கிடைத்த நாடகச் சீட்டு அவரை அங்கே கொண்டுவந்தது. ஒரு நாடகத்தில் பெலஃபான்டேக்கு வேடம், பாய்ட்டியர் அவருக்கு மாற்று. ஒருநாள் குப்பை அள்ளும் வேலை இருந்ததால் பெலஃபான்டே வரவில்லை. பாய்ட்டியர் மேடையேறினார். அன்று பார்க்க வந்திருந்த இயக்குநர் அவரை நகரின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வேக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். பெலஃபான்டே இதைச் சொல்லிக் காலமெல்லாம் நண்பரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

அந்த அரங்கை உயர்த்தியதும் வீழ்த்தியதும் ஒரே நாடகம். 1944இல் அங்கே அரங்கேறிய ‘அன்னா லூகாஸ்டா’ அதே ஆண்டு பிராட்வேக்குப் போய் 957 காட்சிகள் ஓடியது. நாடகத்தை வளர்த்தெடுத்த குழுவுக்குக் கிடைத்த பங்கு சொற்பம். அதற்குப் பிறகு நடிகர்களின் கண் ஹார்லெமில் நிற்கவில்லை; அந்த மேடை பிராட்வேக்குப் போகும் படிக்கட்டு ஆகிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

பணம் இருந்தால் சரியாகிவிடுமா? அதையும் பார்த்துவிட்டார்கள். 1966இல் நாடகாசிரியர் டக்ளஸ் டர்னர் வார்ட் நியூயார்க் டைம்ஸில், கறுப்பினக் கலைஞர்களுக்கென்று நிலையான குழு ஒன்று வேண்டும் என்று எழுதினார். ஃபோர்டு அறக்கட்டளை 4,34,000 டாலர் கொடுத்தது. 1967இல் நீக்ரோ என்செம்பிள் கம்பெனி பிறந்தது. இலவசப் பயிற்சி, சம்பளத்துக்கு நிரந்தர நடிகர்கள். ஐந்தாறு ஆண்டுகளில் பணம் தீர்ந்து, அந்த நிரந்தரக் குழுவைக் கலைக்க வேண்டிவந்தது. அந்தப் பருவத்தில் அவர்கள் போட்ட ஒரே புதிய நாடகமான ‘தி ரிவர் நைஜர்’ பிராட்வேக்குப் போய், 1974இல் சிறந்த நாடகத்துக்கான டோனி விருதைப் பெற்றது.

அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு வந்திருக்கும் அவையோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மூலதனத்தில் கை வைக்காமல் வட்டியில் நடத்துவது வேறு, செலவழிக்கத் தரும் மானியம் வேறு. அவர்களுக்குக் கிடைத்தது இரண்டாவது வகை.

1996இல் பிரின்ஸ்டனில் கூடிய நாடகக்காரர்கள் மாநாட்டில் நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் இந்தப் பணக் கேள்வியையே பச்சையாகக் கேட்டார். வட்டார அரங்குகளின் கூட்டமைப்பில் இருந்த 66 அரங்குகளில் ஒன்றே ஒன்றுதான் கறுப்பினத்தவருடையது. வெள்ளையர் நாடகத்தில் கறுப்பு நடிகருக்கு வேடம் தருவது உதவியே ஆகாது, எங்கள் அரங்குகளுக்குப் பணம் வேண்டும் என்பது அவர் வாதம். விமர்சகர் ராபர்ட் புருஸ்டைன் எதிர்த்தார். 1997 ஜனவரியில் நியூயார்க் டவுன் ஹாலில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். வில்சன் வேடங்களைப் பற்றிச் சொன்னதில் மாறுபட இடமுண்டு. பணக் கணக்கில் அவர் தப்பவில்லை. அந்த ஒரே அரங்கான நியூஜெர்சியின் கிராஸ்ரோட்ஸ், 1999இல் சிறந்த வட்டார அரங்குக்கான டோனி விருது வாங்கியது. மறு ஆண்டே கடன் கழுத்தை நெரிக்க, நிகழ்ச்சிகளை நிறுத்தியது.

நான்காவது நிபந்தனையை விடாமல் பிடித்தவர் பார்பரா ஆன் டீர். பிராட்வே வாழ்க்கையை விட்டுவிட்டு 1968இல் ஹார்லெமில் நேஷனல் பிளாக் தியேட்டரை நிறுவிய நடிகை. 1983இல், அந்த 135ஆம் தெரு நூலகத்துக்குப் பத்துத் தெரு தெற்கே, 125ஆம் தெருவும் ஐந்தாவது அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் ஒரு கட்டடத்தை விலைக்கே வாங்கினார். கடைகளை வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் நாடகம் நடத்துவது என்று கணக்குப் போட்டார். 2008இல் அவர் காலமான பிறகு பொறுப்பு மகளிடம் வந்தது. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, அதே மனையில் 21 மாடிக் கட்டடம் எழுந்தது: மேலே குடியிருப்புகள், கீழே நாடக அரங்கு.