வீட்டு வேலைக்கு ஆள் பார்ப்பதும் நம்ம கணக்குதான்

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. போன வருஷம்தான் நாங்க வீடு கட்டி முடிச்சோம். அதனால் "வீடு கட்ட ஆள் பார்ப்பது பற்றி நீயே பேசு" என்று சொல்லிட்டாங்க.

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்று பெரியவங்க சொல்லுவாங்க. கல்யாணத்துக்குப் பத்து இடத்தில் விசாரிக்கிறோம். வீட்டுக்கு மட்டும் "தெரிஞ்ச பையன்" என்ற ஒரே வார்த்தையில் முடிச்சுடுறோம். குழுவில் 5,000 ரூபாய் உள்கடன் கேட்டால்கூட எதுக்கு, எப்படித் திருப்பிக் கட்டுவே என்று கேட்டு, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். லட்சக்கணக்கில் வாங்கப் போற மேஸ்திரியிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. குழுவில் கத்துக்கிட்டதை வீட்டு வேலையிலும் செய்யணும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் இன்ஜினியர். சின்ன வீட்டுக்கு எதுக்கு இன்ஜினியர் என்று எங்க வீட்டிலும் பேச்சு வந்தது. எங்க ஊர் கரிசல் மண். மழைக்கு உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரம் சரியில்லை என்றால் சுவரும் சேர்ந்து வெடிக்கும். எவ்வளவு ஆழம் தோண்டணும், என்ன கம்பி, எத்தனை கம்பி என்பதை மண்ணைப் பார்த்து, படம் போட்டு அவர்தான் சொல்லணும். அஸ்திவாரத்துக்கு ஒரு தடவை, தளம் போடும் முன் கம்பி கட்டினதைப் பார்க்க ஒரு தடவை, நேரில் வர ஒத்துக்கிட்ட பிறகுதான் அவருக்கான தொகையைப் பேசினோம்.

அடுத்து மேஸ்திரி. அவர் இப்போ கட்டுற வீட்டைப் பார்க்காதீங்க, புதுசு எல்லாமே அழகாத்தான் இருக்கும். மூணு நாலு மழை கண்ட வீட்டைப் பாருங்க. தளம் ஒழுகுதா, பாத்ரூம் சுவரில் ஈரம் ஏறுதா என்று அந்த வீட்டுப் பொம்பளைங்ககிட்ட கேளுங்க. மறைக்காமல் சொல்லுவாங்க. பேசின நாளில் வேலைக்கு வந்தாரா, பாதியில் விட்டுட்டு வேற வேலைக்குப் போனாரா என்றும் கேளுங்க.

சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசினால் மட்டும் போதாது. கூலிக்கு மட்டுமா, சாமானோடு சேர்த்தா? சன்ஷேடு, படிக்கட்டு அளவில் சேருமா? சென்ட்ரிங், கம்பி கட்டுறது, செப்டிக் டேங்க் யார் பொறுப்பு? எல்லாத்தையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடணும். பிற்பாடு வர்ற சண்டையெல்லாம் எழுதாமல் விட்டதில்தான் வருது.

பணத்தை வேலை ஏற ஏறத்தான் கொடுக்கணும். அஸ்திவாரம், லிண்டல், தளம், பூச்சு என்று பிரிச்சுக்கணும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்திலும், பிரதமர் வீடு கட்டும் திட்டத்திலும் அரசாங்கமே தவணை தவணையாகத்தான் தருது. நாம மட்டும் ஏன் முன்னாடியே கொடுக்கணும்?

இதில் எனக்கு மனக்கஷ்டமும் வந்தது. எங்க வீட்டுக்காரருக்குத் தம்பி முறை ஆகிறவர் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்டார். எழுதித் தாங்க கொழுந்தனாரே என்றதுக்கு, "சொந்தத்துக்குள்ள எழுத்தா? பொம்பளைங்க கணக்குக் கேட்டா வேலை நடக்குமா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிட்டோம். இன்னமும் அவர் முகம் கொடுத்துப் பேசுறதில்லை. எனக்கு வருத்தம்தான். ஆனால் அது பத்து வருஷச் சேமிப்பும் குழுக் கடனும். மாசாமாசம் தவணை கட்ட வேண்டியது நான்தானே! ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்த வேற மேஸ்திரிதான் சொன்ன விலையில் முடிச்சுத் தந்தார்.

வயரிங் வேலைக்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைங்க. எர்த் குழி கட்டாயம். கரண்ட் கசிந்தால் உடனே கட் பண்ணுற ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்க. குழந்தைங்க இருக்கிற வீட்டில் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எவ்வளவு நல்ல கொத்தனார் கட்டினாலும், தண்ணி விடாவிட்டால் கான்கிரீட் பலம் பிடிக்காது. அது பெரும்பாலும் நம்ம கையில்தான் இருக்கு. தளத்தில் பாத்தி கட்டி 14 நாள் தண்ணி தேக்கி வைத்தோம். இன்ஜினியர் சொன்ன நாள் வரைக்கும் சென்ட்ரிங்கைப் பிரிக்க விடல. கலவையில் தண்ணியை அதிகம் ஊத்தினாலும் நின்று கேட்டேன். முதலில் சிரிச்சாங்க, அப்புறம் அவங்களே கூப்பிட்டுக் காட்டினாங்க.

அக்கா, தங்கச்சிகளே, நம்ம கூட்டமைப்பிலும் ஒரு நோட்டுப் போடலாம். வீடு கட்டி முடிச்ச ஒவ்வொருத்தரும் யார் எந்த வேலை செய்தாங்க, சொன்ன தொகை என்ன, முடிஞ்ச தொகை என்ன, மழைக்கு எப்படி இருக்கு என்று அதில் எழுதி வைக்கலாம். அடுத்து கட்டுறவங்க அதைப் பார்த்து ஆள் பிடிக்கலாம். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கணும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் பக்கத்தை நானே எழுதித் தர்றேன்.