பேடல் ஆட ஆசைப்படும் பிள்ளைகளுக்கும் பெற்றோர்களுக்கும்

(சென்னையில் நடந்த குடும்ப சந்திப்பில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





ஜகாத், கல்வி உதவி என்று பேசும் மேடையில் செயலாளர் பந்து விளையாட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சிலர் முகத்தில் கேள்வி தெரிகிறது. நம் மருத்துவ முகாமில் சுகர் பார்க்க வரிசையில் நிற்பவர்களில் இப்போது நாற்பது வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து கடைக்கு பைக், கடையிலிருந்து பள்ளிவாசலுக்கு பைக். பெண்களுக்கு மொட்டை மாடியில் நாலு சுற்று நடப்பதோடு சரி. இந்த நிலையில் நம் பிள்ளைகளே ஒரு விளையாட்டைத் தேடிப் போகிறார்கள் என்றால், அதைத் தடுப்பதைவிட ஒழுங்குபடுத்துவதே நல்லது என்பது என் கருத்து.

பேடல் 1969-இல் மெக்சிகோவில் என்ரிக் கோர்குவேரா என்பவர் தம் வீட்டில் அமைத்த ஆட்டம். பிறகு ஸ்பெயினுக்குப் போய் வளர்ந்தது. வளைகுடாவில் இன்று பெரிய மோகம். 2021-இல் தோஹாவிலும் 2022-இல் துபாயிலும் உலகப் போட்டியே நடந்தது. அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் லீவில் வரும்போது மட்டையோடு வருகிறார்கள். சென்னையிலும் இப்போது வாடகை ஆடுகளங்கள் வந்துவிட்டன. பிக்கிள்பால் வேறு, இது வேறு. அதில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, சுவர் கிடையாது.

பேடல் களம் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். சுற்றிலும் கண்ணாடியும் கம்பி வலையும். நடுவே நெட். பந்து டென்னிஸ் பந்து மாதிரி. மட்டையில் நரம்பு கிடையாது, துளை போட்ட கெட்டிப் பலகை. இரண்டு பக்கமும் இருவர் இருவராக நாலு பேர் ஆடுவார்கள். டென்னிஸில் தலைக்கு மேலே வீசி சர்வீஸ் போடப் பழகவே மாதக்கணக்காகும். இதில் பந்தைத் தரையில் ஒருமுறை தட்டி, இடுப்புக்கு மேலே போகாமல் கீழ்க்கையாக அடித்தால் போதும். எண்ணிக்கை டென்னிஸ் போலவே 15, 30, 40.

புதியவர்கள் தடுமாறுவது கண்ணாடியில்தான். நீங்கள் அடித்த பந்து எதிர்ப்பக்கம் தரையில் பட்ட பிறகே சுவரில் படலாம். நேராகச் சுவரில் பட்டால் பாயின்ட் போய்விடும். உங்கள் பக்கம் வரும் பந்து தரையில் பட்டு, கண்ணாடியில் மோதித் திரும்பி வரும். அதுவரை காத்திருந்து, இரண்டாவது முறை தரையில் விழுமுன் அடிக்கலாம். பந்து தாண்டிப் போய்விட்டதே என்று பதறி ஓடுபவர்தான் முட்டியைப் பெயர்த்துக்கொள்கிறார். முதல் இரண்டு வாரம் பயிற்சியாளர் ஒருவரை வைத்து இதை மட்டும் பழகுங்கள்.

மட்டை வாங்க அவசரப்படாதீர்கள். களத்தில் வாடகைக்குக் கிடைக்கும். வீட்டில் துணி காயப்போடும் டிரெட்மில் எத்தனை இருக்கிறது என்று எனக்குத் தெரியும்! செலவு செய்ய வேண்டியது ஷூவுக்கு. புல்விரிப்பின் மேல் மணல் இருக்கும், வழுக்கும். பிடிப்புள்ள அடிப்பாகம் வேண்டும். மட்டையின் கயிற்றைக் கையில் மாட்டாமல் ஆடவே கூடாது. நழுவினால் கூட ஆடுபவர் பல் போய்விடும்.

சுகர், பிரஷர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் ஆடினால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஃபஜ்ருக்குப் பிறகு ஆடுவது நல்லது. பிள்ளைகள் இரவு பதினொரு மணிக்கு களம் எடுத்து ஆடிவிட்டு ஃபஜ்ரைத் தூங்கிக் கழிப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆண்கள் முழங்கால் மறையும்படி உடுத்துங்கள்.

இன்னொன்று. “தோற்றவர் களத்து வாடகை கொடுக்கணும்” என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். விளையாட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் பணயம் வைத்து, வென்றவர் லாபமும் தோற்றவர் நஷ்டமும் அடைவது கிமார், அதாவது சூது. வாடகையை நாலாகப் பிரித்து முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஆடாத ஒருவர் பரிசு கொடுத்தால் அது வேறு.

இப்போது தாய்மார்கள் விஷயம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் இருக்கிறது. பெண்ணுக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்பவர்கள் அதைப் படிக்கட்டும். ஆனால் கண்ணாடிச் சுவர், வெளியே நிற்பவருக்கெல்லாம் தெரியும். ஆகவே ஓரிருவராகப் போகாமல், இரண்டு மணி நேரத்துக்குக் களம் முழுவதையும் எடுத்து, திரை கட்டி, பெண் பயிற்சியாளரை வைத்து ஆடுவதுதான் சரி. நாலு நாலு பேராக எட்டுப் பேர் சேர்ந்தால் செலவும் தாங்கும். தளர்வான முழுக்கை ஆடை, ஊசி குத்தாத தலைத்துணி. ஊசி கழன்று கண்ணில் பட்டால் ஆபத்து. வாரத்தில் பிள்ளைகளுக்கு எத்தனை மணி நேரமோ, உம்மாவுக்கும் லாத்தாவுக்கும் அதே அளவு கொடுங்கள் என்று வாப்பாமார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பணம் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அறக்கட்டளை இதற்கு ஒரு ரூபாயும் தராது. ஜகாத் யாருக்கு என்று அத்தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் எட்டு வகையினரைச் சொல்கிறது. அதில் பேடல் இல்லை. ஏழை மாணவர் ஃபீஸுக்கு வந்த சதக்காவையும் தொடமாட்டோம். ஆனால் இந்த ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். வசதியுள்ள மூவர் சேர்ந்தால், நாலாவதாக இன்னொரு பணக்காரப் பிள்ளையைத் தேடாதீர்கள். உங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுபவர் மகன் இருப்பான், பள்ளிவாசல் முஅத்தினின் மகன் இருப்பான். அவன் பங்கை மூவரும் சேர்ந்து அன்பளிப்பாகக் கொடுங்கள். அதை ஊருக்குச் சொல்லிக் காட்டாதீர்கள், அவனிடமும் சொல்லிக் காட்டாதீர்கள்.

பெண்கள் குழுவுக்குப் பெயர் கொடுப்பவர்கள் மஃரிபுக்குப் பிறகு மகளிர் பகுதியில் உள்ள நோட்டில் எழுதுங்கள். சுகர் இருந்தால் அதையும் பக்கத்தில் குறிப்பிடுங்கள். எட்டுப் பெயர் சேர்ந்ததும் திரை கட்டச் சம்மதிக்கும் களம் எது என்று விசாரித்து, இன்ஷா அல்லாஹ், நாளைச் சொல்கிறோம்.

வஸ்ஸலாம்.