இவருக்குப் பதில் இவர்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பு அங்கேயும் நடந்தது. 2020 டிசம்பரில், முல்லையாக நடித்த சித்ரா மறைந்தார். காவ்யா அறிவுமணி வந்தார். 2022-இல் அவரும் விலக, லாவண்யா வந்தார். "இவருக்குப் பதில் இவர்" என்று திரையில் ஒரு வரி போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடுமா?

துப்பறியும் தொடர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. 1998 முதல் 2018 வரை சோனியில் ஓடிய 'சி.ஐ.டி.'யில் அதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். போலீஸ் வேலையில் டிரான்ஸ்ஃபர் சகஜம்தானே! ஏ.சி.பி. பிரத்யுமனாக சிவாஜி சாட்டம் நிலைத்து நின்றார்; தொடரும் நிலைத்தது. குடும்பத் தொடரில் அப்படி இல்லை. அதே பெயர், அதே புருஷன், அதே சமையற்கட்டு. முகம் மட்டும் வேறு.

'எதிர்நீச்சல்' இன்னும் கடினமான சோதனை. வீட்டுப் பெண்களை அடக்கி ஆளும் ஆதி குணசேகரனாக மாரிமுத்து. அவர் "இந்தாம்மா ஏய்" என்று இழுத்தால், அந்த ஆளை வெறுத்துக்கொண்டே சிரித்தோம். அம்பத்தூர், ஆவடி வீடுகளில் குழந்தைகள்கூட அப்படிப் பேசிக் காட்டினார்கள். 2023 செப்டம்பர் 8 அன்று, அதே தொடருக்கு டப்பிங் பேசும்போது நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். சில வாரம் குணசேகரன் இல்லாமலே கதை நகர்ந்தது. பிறகு வந்தவர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி.

அவர் மாரிமுத்துவைப் போலச் செய்யவில்லை. நான் பெரிதும் மதிப்பது அதைத்தான். சிரிப்பு குறைந்தது, பயம் கூடியது. முன்னவரின் வாய்க்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போன்ற வசனம் வந்த இடங்களில் மட்டும் தடுமாற்றம் தெரிந்தது. அது எழுத்தின் குறை, நடிப்பின் குறை அல்ல.

வேல ராமமூர்த்தியைக் குணசேகரனாக்கியதில் பாதிப் பங்கு, வீட்டு மருமகள்களாக எதிரே நின்ற கனிகா, பிரியதர்ஷினி, ஹரிப்பிரியா மூவருக்கும் உண்டு. மாரிமுத்துவின் அதட்டலுக்கு எப்படி ஒடுங்கினார்களோ, எப்படி எகிறினார்களோ, அப்படியேதான் இவரிடமும். 'பாண்டியன் ஸ்டோர்'ஸில் மூன்று முல்லைகளுக்கும் ஒரே கணவன் கதிராக நடித்த குமரன் தங்கராஜன் செய்ததும் இதுவே. யார் பார்வையில் பழைய உறவு மாறாமல் இருக்கிறதோ, அவரை வைத்தே புதியவரை நாம் ஏற்கிறோம்.

2024 டிசம்பரில் 'எதிர்நீச்சல்' மறுபடி தொடங்கியபோது, ஜனனியாக நடித்த மதுமிதாவுக்குப் பதில் பார்வதி. அவர் பேசிய வசனத்தைவிட, ஓரகத்திகள் மூவரும் அவரை "ஜனனி" என்று கூப்பிட்ட விதம்தான் என்னை முதலில் நம்ப வைத்தது.